பழைய காரின் பின் ஆக்சில்: எந்த வண்டியுடையது என்று கண்டுபிடித்து விலை மதிப்பது எப்படி

கொட்டகையின் மூலையில், பழைய டிரெய்லருக்கு அடியில், இரும்புக் குவியலுக்கு நடுவில் என்று பின் ஆக்சில்கள் எங்கெங்கோ கிடைக்கின்றன. எடைக்குப் போட்டால் இரும்பு விலைதான் கிடைக்கும். எந்த வண்டி, எந்த ஆண்டு, என்ன ரேஷியோ (சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற விகிதம்) என்று சொல்லி விற்றால் அதே பொருளுக்குப் பல மடங்கு விலை வரும். வாங்குபவர் கொடுக்கும் பணம் அந்த மூன்று பதில்களுக்கும் சேர்த்துத்தான். புதிதாக இதில் இறங்குபவர்கள் அவசரப்பட்டுக் கழற்றி, தேய்த்து, பெயின்ட் அடித்து அந்தப் பதில்களைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கழற்றும் முன் பதிவு செய்யுங்கள்

ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் முதலில் படம் எடுங்கள். முன், பின், மேல், கீழ், இரண்டு முனைகள், பினியன் (எஞ்சினிலிருந்து வரும் தண்டு சேரும் சிறு பல்சக்கரம்) பக்கம். எல்லாப் படத்திலும் ஒரு டேப் தெரியட்டும். பிறகு ஸ்பிரிங் உட்காரும் இடம், பிரேக் கம்பி அல்லது பைப் வரும் வழி, எண்ணெய் ஊற்றும் பிளக், மூச்சுத்துளை, தகடு எதுவும் தொங்கினால் அது ஆகியவற்றைக் கிட்டத்தில் எடுங்கள்.

இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும் கணக்கு. பெரும்பாலான வண்டிகளில் பினியன் முன்பக்கம் நோக்கும். அதை வைத்து இடது பிரேக் டிரம்மில் சாக்பீஸால் "இ" என்று எழுதிவிடுங்கள். தொழிற்சாலைக் குறிப்புகள் எல்லாம் "வலது குழாயின் முன்பக்கம்" என்கிற பாணியில்தான் இருக்கும். பக்கத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டு இல்லாத எண்ணைத் தேடுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தூக்குவதற்கு ஆள் வேண்டும். டிரம்மோடு ஒரு நடுத்தரக் காரின் ஆக்சில் 70 கிலோவை எளிதில் தாண்டும். பெரிய அமெரிக்கக் கார்களுடையது 100 கிலோவுக்கு மேல் போகும். நடுவில் எடை கூடியது என்பதால் ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை உருண்டு காலில் விழும். டிரம்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

2. சுத்தம் செய்வது

பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்மைத் திறந்ததும் காற்று அடிப்பது, காய்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது இரண்டும் கூடாது. தண்ணீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நுண்தூசியைத் தடுக்கும் பி100 தரத்து முகமூடி போடுங்கள். சாதாரணத் துணி முகமூடி இதற்குப் போதாது.

வெளிப்புற மண்ணையும் கிரீஸையும் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் போதும். மணல் அடிப்பதும் கிரைண்டரில் கம்பிச் சக்கரம் போடுவதும் இப்போது வேண்டாம். பஞ்ச் செய்த எண்களின் ஆழம் பல நேரம் அரை மி.மீ.கூட இருக்காது, துருவோடு அவையும் போய்விடும். பழைய பெயின்ட்டில் எழுதிய குறியீடு, வண்ணக் கோடு எது தெரிந்தாலும் அப்படியே விடுங்கள்.

3. வடிவத்தை வைத்து வகையைப் பிரித்தறியுங்கள்

எண்ணைத் தேடும் முன் வடிவத்தைப் படியுங்கள். எண் பொய் சொல்லலாம். யாரோ மாற்றிப் போட்ட மூடியில் வேறு வண்டியின் எண் இருக்கலாம். வடிவம் அப்படி ஏமாற்றாது.

நடுப்பகுதியில் தொடங்குங்கள். மூன்று பெரிய குடும்பங்கள் உண்டு. முதலாவது, பாஞ்சோ வகை: நடுவில் வட்டமான ஹவுசிங் (கியர்களை மூடும் கூடு), பின்புறம் மூடியதாக இருக்கும், கிரவுன் வீலும் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனும் ஒரே தொகுதியாக முன்பக்கம் வழியே வெளியே வரும். பல பிரிட்டிஷ் கார்களும், 1957-ல் வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலும் இந்தக் குடும்பம். இரண்டாவது, சாலிஸ்பரி வகை: நடுவில் வார்ப்பு இரும்புப் பெட்டி, அதன் இருபுறமும் குழாய்கள் அழுத்திச் செருகி வெல்டு வைத்தவை, பின்னால் போல்ட் போட்ட மூடி. டானா (அமெரிக்க ஆக்சில் தயாரிப்பாளர்), ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்), ஜாகுவார் ஆக்சில்கள் பல இப்படி. மூன்றாவது, பிரிந்த ஹவுசிங்: நடுவில் அல்லது பக்கங்களில் போல்ட் வளையம் வைத்து இரண்டு மூன்று துண்டுகளாகச் சேர்த்தது. ஃபோர்டு மாடல் டி இரண்டு பாதிகள் சேர்ந்தது. மாடல் ஏ-யில் நடுப்பெட்டியின் இருபுறமும் மணி வடிவக் கைகள் போல்ட்டில் நிற்கும்.

அடுத்து, பினியன் பக்கம் என்ன இருக்கிறது? திறந்த ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு) இருந்தால் வெளியே தெரியும் புரொபெல்லர் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியைப் பின்னே கொண்டுவரும் தண்டு). தடித்த குழாய் ஒன்று கெட்டியாகப் பொருந்தி முன்னால் நீண்டால் அது டார்க் டியூப். ஷாஃப்ட் அதற்குள் ஓடும். இது ஒரே அடியில் பட்டியலைச் சுருக்கிவிடும். அமெரிக்க ஃபோர்டு 1948 வரையும், செவ்ரோலே 1954 வரையும், ப்யூக் 1960 வரையும் டார்க் டியூப்தான் வைத்தன. பெஜோ 404-இலும் டார்க் டியூப் உண்டு. ஆனால் அதன் ஆக்சிலில் இருப்பது வார்ம் கியர் (திருகு வடிவத் தண்டு சக்கரத்தைச் சுழற்றுவது).

ஸ்பிரிங் எப்படிப் பிடித்தது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங் உட்காரும் தட்டு இருந்தால் அது நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குப் பொது. ஒரே ஸ்பிரிங் குறுக்காக, ஆக்சிலுக்கு இணையாகப் படுத்திருந்தால் பெரும்பாலும் ஃபோர்டு. அமெரிக்காவில் 1948 வரை இந்த அமைப்பு; பிரிட்டிஷ் சிறிய ஃபோர்டுகளில் 1959 வரை நீடித்தது. அதனால் "குறுக்கு ஸ்பிரிங், ஆகவே மாடல் ஏ" என்று முடிவு கட்டாதீர்கள். பிரிட்டிஷ் ஆக்சில் பார்வைக்கே மெலிந்து, அகலம் குறைந்து இருக்கும்.

உள்ளே கியர் எந்த வகை? எண்ணெய் ஊற்றும் துளை வழியே டார்ச் அடித்தாலே ஓரளவு தெரியும். நேர்ப் பல் பெவல் (கூம்பு வடிவப் பல்சக்கரம்) என்றால் மிகப் பழசு. வளைந்த பல்லும் பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராகவும் இருந்தால் ஸ்பைரல் பெவல். பினியன் மையத்திலிருந்து கீழே இறங்கியிருந்தால் ஹைப்பாய்டு. கார்களில் ஹைப்பாய்டு 1926-ல் பேக்கார்டில் வந்தது. அதனால் ஹைப்பாய்டு ஆக்சிலை யாராவது "1920 வண்டியுடையது" என்றால் நம்ப வேண்டாம். பித்தளை நிறத்தில் பெரிய சக்கரமும் திருகுபோன்ற எஃகுத் தண்டும் தெரிந்தால் வார்ம் டிரைவ்: லான்செஸ்டர், டைம்லர், பெஜோ, ஃபோர்டு மாடல் டிடி லாரி என்று தேடல் மிகச் சின்னதாகிவிடும்.

பிரேக் ஆண்டைச் சொல்லும், ஆனால் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். ஃபோர்டு 1938 வரை கம்பி பிரேக், 1939 முதல் ஹைட்ராலிக். செவ்ரோலே 1936-லேயே ஹைட்ராலிக்குக்கு மாறியது. மாடல் டி-யில் 1925 வரை 8 அங்குல டிரம், 1926–27-ல் 11 அங்குலம். சிக்கல் என்னவென்றால் பிற்காலத்து பேக் பிளேட்டை (பிரேக்கைத் தாங்கும் தட்டு)ப் பழைய ஆக்சிலில் மாட்டி ஹைட்ராலிக் ஆக்குவது மிகவும் பரவலாக நடந்த மாற்றம். பிரேக் 1940 என்று சொல்லி ஹவுசிங் 1934 என்று சொன்னால் ஹவுசிங்கை நம்புங்கள்.

டிரம்மின் நடுவிலிருந்து பெரிய ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) வெளியே நீட்டி, அதன் முகத்தில் போல்ட் வளையத்தோடு மூடி இருந்தால் அது முழு மிதவை ஆக்சில் (எடையை ஷாஃப்ட் அல்ல, ஹவுசிங் தாங்குவது). லாரி, வேன் அல்லது மிகப் பெரிய கார். காருடையது என்று சொல்லி விற்கப்படும் லாரி ஆக்சில்கள் நிறைய உண்டு.

4. அளவுகள்

அங்குலத்திலும் மி.மீ.யிலும் எழுதுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் ஆக்சில்களில் முழு அங்குல, கால் அங்குல எண்கள் வரும்போது நீங்கள் சரியாக அளந்தீர்கள் என்று தெரியும்.

எடுக்க வேண்டியவை: சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்கத்து முகம் வரை; பேக் பிளேட் ஃபிளாஞ்சிலிருந்து ஃபிளாஞ்ச்; ஸ்பிரிங் தட்டுகளின் மையத்திலிருந்து மையம்; குழாயின் விட்டம்; டிரம்மின் உள்விட்டமும் அகலமும்; மூடியின் போல்ட் எண்ணிக்கை; பினியன் ஃபிளாஞ்சின் துளை இடைவெளி. பினியன் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். யாராவது குழாயை வெட்டிச் சுருக்கியிருந்தால் இந்த இடத்தில்தான் தெரியும். குழாய் நடுவில் தேவையில்லாத வெல்டு வளையம் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சக்கரப் போல்ட் வட்டம்: நான்கு அல்லது ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்தை அளந்தால் போதும். ஐந்து துளைக்கு எதிர்த்துளை இல்லை. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மைய இடைவெளியை வெர்னியரால் எடுத்து 1.7013-ஆல் பெருக்குங்கள். 82.1 மி.மீ. வந்தால் வட்டம் 139.7, அதாவது ஐந்தரை அங்குலம். 67.2 வந்தால் 114.3, நாலரை அங்குலம். 1948 வரையிலான பல ஃபோர்டு கார்கள் ஐந்தரை அங்குலம், அதற்குப் பிறகு நாலரை. 1936–39 ஃபோர்டுகளில் 10¼ அங்குல அகல வட்டம் உண்டு. அதைப் பார்த்த பிறகு வேறு எதுவும் அளக்கத் தேவையில்லை. ஐந்தரை அங்குலம் ஜீப்பிலும் ஃபோர்டு பிக்கப்பிலும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட வேண்டாம்.

மரை அளவு நாட்டைக் காட்டும். மூன்று எட்டில் அங்குலப் போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 24 மரை என்றால் யூஎன்எஃப் அல்லது பழைய எஸ்ஏஇ (அமெரிக்கத் தரம்) நுண்மரை; 20 என்றால் பிரிட்டிஷ் நுண்மரையான பிஎஸ்எஃப். 16 வந்தால் யூஎன்சியாகவும் இருக்கலாம், பிரிட்டிஷ் விட்வொர்த்தாகவும் இருக்கலாம். மரையின் கோணம் 60 பாகையா 55 பாகையா என்று மரை கேஜால் பார்க்க வேண்டும். ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. யூனிஃபைடு மரை (யூஎன்எஃப், யூஎன்சி) 1948-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகவே பிரிட்டிஷ் ஆக்சிலில் பிஎஸ்எஃப் மரை கிடைத்தால் அது ஐம்பதுகளின் தொடக்கத்துக்கு முந்திய வடிவமைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மெட்ரிக் வந்தால் ஐரோப்பியக் கண்டத்துக்குப் போங்கள்.

கம்பி ஆரச் சக்கரத்துக்கான பல்வெட்டு ஹப் இருந்தால் இரண்டு பக்க மரைகளும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே திசையில் இருந்தால் ஒரு ஹப் வேறு ஆக்சிலிலிருந்து வந்தது; ஓடும்போது ஒரு பக்க நட்டு தானாகக் கழன்றுவிடும்.

5. எண்கள், எழுத்துகள், தகடுகள்

மூன்று வகை எண்களைக் குழப்பாதீர்கள். வார்ப்பில் மேடாக எழுந்து நிற்பது வார்ப்பு எண். பஞ்ச் அடித்துக் குழிந்திருப்பது அசெம்பிளி எண் அல்லது தேதி. பட்டியலில் இருப்பது பாகத்தின் எண். வார்ப்பு எண்ணும் பாக எண்ணும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஒரே வார்ப்பை வேறு வேறு விதமாகக் கடைந்து பல பாக எண்களாக்குவார்கள்.

ஜிஎம் வார்ப்புகளில் தேதி எழுத்தில் தொடங்கும்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படி எல் டிசம்பர் வரை. பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். "சி 14 5" என்றால் மார்ச் 14, ஐந்தில் முடியும் ஆண்டு. 1955-ஆ 1965-ஆ என்பதை வடிவம்தான் சொல்ல வேண்டும்.

ஃபோர்டில் பாக எண்ணின் முன்னொட்டு வண்டியைச் சொல்லும், நடு எண் பாகத்தைச் சொல்லும். 4209 கிரவுன்-பினியன் செட், 4235 ஆக்சில் ஷாஃப்ட். முன்னொட்டு ஏ என்றால் மாடல் ஏ, 40 என்றால் 1933–34, 48 என்றால் 1935, 78 என்றால் 1937. அறுபதுகளில் சி5 என்று தொடங்கினால் 1965. முன்னொட்டு அந்தப் பாகம் எந்த ஆண்டுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதையே சொல்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே பாகம் போட்டிருப்பார்கள்.

டானா ஆக்சில்களில் 44, 60 போன்ற எண் நடுப்பெட்டியின் விலாவில் மேடாக இருக்கும். குழாயில் பஞ்ச் செய்த நீண்ட எண் எந்த வண்டிக்குப் போனது என்பதைச் சொல்லும். ஜாகுவாரின் சாலிஸ்பரி ஆக்சில்களில் பின்மூடியின் போல்ட்டுக்கு அடியில் சின்னத் தகடு. அதில் 46, 13 என்று பல் எண்ணிக்கை இருந்தால் ரேஷியோ 3.54. இந்தத் தகடு போல்ட்டோடு வந்துவிடும், பலர் தூக்கி எறிந்துவிடுவார்கள். கிடைத்தால் படம் எடுத்து, அதே போல்ட்டில் மாட்டி வையுங்கள்.

எழுத்து தெரியவில்லையா? எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம். துருவை எண்ணெய் போட்டு ஒரு நாள் ஊறவிட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மங்கிய எண்ணும் நிழலில் எழுந்து நிற்கும்.

6. ரேஷியோவை எண்ணுங்கள்

தகட்டை நம்பி விடாதீர்கள். கியர் செட்டை மாற்றியவர் தகட்டை மாற்றியிருக்க மாட்டார். ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு பக்க டிரம்மை அசையாமல் கட்டுங்கள். பினியன் ஃபிளாஞ்சிலும் மறுபக்க டிரம்மிலும் சாக்பீஸ் கோடு. டிரம்மை சரியாக 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் கட்டியிருப்பதால் கிரவுன் வீல் 10 சுற்றுதான் சுற்றும். பினியன் சுற்றிய எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் ரேஷியோ. 39 சுற்றும் கொஞ்சமும் வந்தால் 3.9.

பிறகு அதைப் பல் எண்ணிக்கையோடு பொருத்துங்கள். 43-ஐ 11-ஆல் வகுத்தால் 3.909, எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி கார். 43-ஐ 10-ஆல் வகுத்தால் 4.3, எம்ஜிஏ. இரண்டிலும் கிரவுன் வீலில் 43 பல்தான். பினியனையும் எண்ணாமல் விட்டால் ஏமாந்துபோவீர்கள். மோரிஸ் மைனரில் 41-க்கு 9 என்றால் 4.56, 38-க்கு 9 என்றால் 4.22. மாடல் டி 40-க்கு 11, மாடல் ஏ 34-க்கு 9.

ஒரு பக்கத்தைக் கட்டினால் மறுபக்கம் சுற்றவே மறுத்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். உள்ளே வழுக்கல் தடுப்பு டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் கியர் தொகுதி). அது விலையைக் கூட்டும். பந்தயத்துக்காக உள் கியர்களை வெல்டு வைத்தது; அது விலையைக் குறைக்கும். அல்லது துருப்பிடித்து இறுகியது. மூடியைத் திறந்தால்தான் தெரியும், திறக்காமல் "வழுக்கல் தடுப்பு" என்று எழுதி விற்காதீர்கள்.

7. உள்ளே என்ன நிலை

எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். சாம்பல் நிறப் பசை காந்தத்தில் ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். கையில் தட்டுப்படும் துகள், பல்லின் துண்டு என்றால் கிரவுன்-பினியன் போய்விட்டது. தண்ணீர் முதலில் வடிந்தால் பேரிங்குகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும். எண்ணெய்யே இல்லை என்றால் டிரெய்லராக ஓடியதா என்று கேளுங்கள். அப்படி ஓடியவற்றில் எடையைக் குறைக்க உள்ளே இருந்த கியர்களையே எடுத்துவிடுவது உண்டு. பினியனைச் சுற்றிப் பார்த்தால் உடனே தெரியும்.

பற்களில் பார்க்க வேண்டியது: முனை உடைதல், நடுவில் குழிகள், சூட்டின் நீல நிறம், எண்ணெய் நின்ற மட்டத்தில் துருக் கோடு. துருக் கோடு மேலோட்டமானதா, நகத்தில் தட்டுகிறதா என்று தடவுங்கள். தட்டினால் ஓடும்போது ஊளையிடும். கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாக அரைத்துப் பொருத்தப்படுபவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் வேறானால் தனித்தனி வண்டிகளிலிருந்து சேர்த்தது. பற்களுக்கு இடையிலான பிளே (தளர்வு) பல ஆக்சில்களில் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை, கையில் டக்டக்கென்று அடிக்கும் அளவு இருந்தால் பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும்.

கூம்பு முனை ஆக்சில் ஷாஃப்ட்டுகளில் ஹப்பைக் கழற்ற சரியான புல்லர் வேண்டும். நட்டை முழுதாக எடுக்காமல் சில மரை விட்டு வைத்து இழுங்கள்; விடுபடும்போது ஹப் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். ஷாஃப்ட்டின் முனையில் சுத்தியலால் அடிப்பதுதான் மரையைக் கெடுத்து, உள்ளே பேரிங்கையும் நசுக்கும் வழி. ஹப் வந்ததும் சாவிக்குழியின் மூலைகளில் விரிசல் தேடுங்கள். சாவி ஆடித் தேய்ந்த கூம்பு மீண்டும் பிடிக்காது, ஷாஃப்ட்டே மாற்ற வேண்டும்.

ஹவுசிங் வளைந்ததா என்று பார்க்க, ஆக்சில் ஃபிளாஞ்சைச் சுற்றவிட்டு ஒரு நிலையான கம்பியை அதன் விளிம்புக்கு நெருக்கமாக வையுங்கள். இடைவெளி கூடிக்குறைந்தால் ஷாஃப்ட் வளைவு. ஷாஃப்ட் நேராக இருந்தும் இரண்டு பக்க ஃபிளாஞ்ச் முகங்களும் இணையாக இல்லை என்றால் ஹவுசிங் வளைவு.

மாடல் டி-க்குத் தனியாக ஒன்று. உள்ளே உந்து வளையங்கள் (கியர்கள் பக்கவாட்டில் விலகாமல் தாங்குபவை) பாபிட் என்ற மென்மையான பேரிங் உலோகத்தால் ஆனவை, வயதாகி நொறுங்கும். அந்த வண்டியின் கால் பிரேக் கியர்பெட்டியில் வேலை செய்வது என்பதால், வளையம் போய்க் கியர் விலகினால் பிரேக்கும் போய்விடும். வெண்கல வளையம் போட்டதற்கு ஆதாரம் இல்லாத ஆக்சிலை "ஓடும் நிலை" என்று விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் சரியில்லை.

8. பெயரை உறுதிசெய்தல்

இதுவரை சேர்த்ததை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: வகை, அகலம், போல்ட் வட்டம், மரை, எண்கள், ரேஷியோ, பிரேக். தொழிற்சாலை உதிரிப்பாகப் பட்டியலின் படங்களோடு ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அந்த வண்டியின் உரிமையாளர் சங்கத்துக்கு எழுதுங்கள். "இது என்ன?" என்று ஒரு படத்தோடு கேட்டால் ஊகம்தான் திரும்பி வரும். "1935 என்று நினைக்கிறேன், அகலம் இவ்வளவு, ரேஷியோ 4.11, ஆனால் பிரேக் பொருந்தவில்லை" என்று கேட்டால் விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்து பதில் எழுதுவார். குறைந்தது மூன்று தனித்தனி அடையாளங்கள் ஒரே வண்டியைக் காட்டும்வரை பெயர் சொல்லாதீர்கள். இரண்டு முதல் மூன்று வாரம் இதற்கே ஒதுக்குங்கள்.

9. விலை மதிப்பது

விலை கேட்டு விளம்பரத்தில் நிற்கும் தொகைகளைப் பார்க்காதீர்கள். அவை விற்காததால்தான் அங்கே நிற்கின்றன. விற்று முடிந்த தொகைகளை மட்டும் எடுங்கள், கடந்த இரண்டு ஆண்டுக்குள் நடந்தவை, குறைந்தது மூன்று. ஒவ்வொன்றிலும் என்னென்ன சேர்ந்து போயிற்று என்று பாருங்கள். டிரம், பேக் பிளேட், ஷாஃப்ட், டார்க் டியூப் அனைத்தும் உள்ள ஆக்சிலும் வெறும் ஹவுசிங்கும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

பிறகு மேலிருந்து கழியுங்கள். முழுதாகச் சீர்செய்து விற்ற ஒன்று 100 என்று வைப்போம். உங்களுடையதற்கு கியர் செட் 35, பேரிங்கும் சீலும் 12, கடைசல் வேலையும் பிரேக்கும் 18 என்று செலவு வந்தால் மிச்சம் 35. உள்ளே இன்னும் என்ன இருக்குமோ என்று வாங்குபவர் ஏற்கும் அபாயத்துக்கு ஒரு பத்து. நியாயமான விலை 25. இந்தப் பங்குகள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் ஆக்சிலுக்கு உண்மையான செலவுகளைக் கேட்டுப் போடுங்கள். கடைசி எண் பழைய இரும்பு விலைக்குக் கீழே போனால் முழுதாக விற்பதை மறந்து, டிரம், ஹப், ஷாஃப்ட், கியர் செட் என்று பிரித்து விற்பதைக் கணக்கிடுங்கள். பிரித்தவை சேர்ந்து அதிகம் பெறும், ஆனால் ஹவுசிங் கடைசிவரை உங்களிடமே கிடக்கும்.

விலையைத் தூக்குபவை சில. குறைந்த எண் ரேஷியோ, ஏனென்றால் இன்றைய சாலையில் பழைய வண்டியை எஞ்சின் கதறாமல் ஓட்ட அதைத்தான் தேடுகிறார்கள். மாடல் டி-க்கான ரக்ஸ்டெல் இரண்டு வேக ஆக்சில். இடது பக்கம் ஹவுசிங் வழக்கத்தைவிடப் புடைத்து நிற்கும், மாற்றும் நெம்புகோல் அங்கே சேரும். முப்பது, நாற்பதுகளின் ஃபோர்டுகளுக்கான கொலம்பியா இரண்டு வேக ஆக்சில். ஹாலிபிராண்ட் பந்தய நடுப்பெட்டி. இது மக்னீசியம் என்றால் கிரைண்டரும் காஸ் கட்டரும் கிட்டவே வரக்கூடாது, தீப்பிடித்தால் தண்ணீரால் அணையாது. புகாட்டி போன்ற வண்டிகளில் ஆக்சிலின் எண்ணும் பொறித்த பல் எண்ணிக்கையும் எந்தச் சேசிஸுக்கு (அடிச்சட்டம்) உரியது என்று சொல்லிவிட்டால் அது தனி உலகம்; அங்கே சங்கத்தின் பதிவாளரைக் கேட்காமல் ஒரு தொகையும் சொல்லாதீர்கள்.

பழமை மட்டுமே விலை தராது. சாதாரண மாடல் டி ஆக்சில் நூறு வயதானது, ஆனால் அந்த வண்டி ஒன்றரைக் கோடி அளவில் தயாரானது. உதிரி நிறையவே கிடக்கிறது.

10. ஆவணங்கள்

ஆக்சிலுக்குப் பல இடங்களில் தனிப் பதிவுச்சான்று கிடையாது. அதனால்தான் காகிதம் நீங்களே உருவாக்க வேண்டும். வாங்கும்போது விற்பவரின் பெயர், முகவரி, தேதி, தொகை, எந்த வண்டியிலிருந்து வந்தது, எண்கள் அனைத்தும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வண்டி உடைக்கப்பட்டது என்றால் அதன் பதிவு ரத்துச் சான்றின் நகல். விற்கும்போது உங்கள் அளவுப் பக்கம், படங்கள், ரேஷியோ எண்ணிய முறை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். "பார்த்தபடி விற்கப்பட்டது" என்று எழுதினாலும், தெரிந்த விரிசலை மறைத்தால் அது காப்பாற்றாது.

சேசிஸ் தகடு ஆக்சிலோடு வந்திருந்தால் இரண்டையும் சேர்த்து விற்க வேண்டாம். தகட்டை வைத்து இல்லாத வண்டியை உருவாக்குபவர்கள் இருக்கிறார்கள்.

11. அனுப்புவது: பணம் இங்கேதான் கரையும்

விலை பேசும் முன் அனுப்பும் செலவை எடுங்கள். சாதாரண ஆக்சிலில் அது பொருளின் விலையையே தாண்டும். வழக்கமான பேலட் 1200 மி.மீ. நீளம், ஆக்சில் 1400-க்கு மேல். வெளியே நீட்டினால் பல நிறுவனங்கள் ஏற்காது, அல்லது இரண்டு பேலட் கட்டணம் கேட்கும். நீளமான பேலட் செய்துகொள்ளுங்கள். நாட்டைத் தாண்டினால் மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை, வெப்பச் சிகிச்சைக் குறியோடு இருக்க வேண்டும். இல்லாத மரம் துறைமுகத்தில் நிற்கும், நின்ற நாளுக்கு வாடகை ஏறும்.

எண்ணெயை முழுதாக வடித்து, மூச்சுத்துளையையும் பினியன் சீலையும் அடைத்து, "எண்ணெய் இல்லை" என்று எழுதி ஒட்டுங்கள். கசியும் சரக்கைப் பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். டார்க் டியூப்பைக் கழற்றினால் நீளம் குறையும். சேரும் இடத்தில் பஞ்ச் குறி வைத்துக் கழற்றுங்கள், ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) பையில் போட்டு அதே இடத்தில் கட்டுங்கள். டிரம்களை ஆக்சிலில் மாட்டியே அனுப்புவது நல்லது, மெல்லிய விளிம்பு தனியாகப் போனால் உடையும். கட்டும் பட்டை குழாயின் மேல் வரட்டும். பிரேக் பைப்பின் மேல் ஒருபோதும் வேண்டாம்.

சுங்கத்தில் டிஃபரன்ஷியலோடு கூடிய ஆக்சில் 8708.50 என்ற தலைப்பில் வரும். நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருளுக்கு 9706 உண்டு, பல நாடுகளில் வரி குறைவு. ஆனால் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள், முடிவு இறக்குமதி செய்யும் நாட்டு அதிகாரியுடையது. அதற்கும் எட்டாம் படியில் நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கமும் சங்கத்தின் பதில் கடிதமும்தான் உதவும். பொதுவான ஆக்சில் ஒன்றிரண்டு மாதத்தில் விற்கும். அரிதானது சரியான ஆள் வரும்வரை ஓராண்டுகூட எடுக்கும். அதுவரை பற்களிலும் பேரிங்கிலும் எண்ணெய் பூசி, மூடியை மூடி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், மாதம் ஒருமுறை பினியனைச் சில சுற்று சுற்றிவிடுங்கள்.